முடித்து வைக்கிறவர்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. உன் மார்புச் சளி விட்டதா? நானாகக் கேட்டால்தான் உண்டு, நீயாக எழுதுகிற வழக்கம் இல்லையே.

உன் அட்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இனி வர முடியாது, பேச்சுப் பயிற்சிக்குப் போகிறேன் என்று மூன்றே வரி. அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "நல்லதுதானே" என்றாள். அவளுக்கு எல்லாமே நல்லதுதான். போன மழையில் கூரை ஒழுகியபோதும் "நல்லவேளை, கட்டில் மேல ஒழுகல" என்றவள்.

நாற்பத்தொரு வயதில் பேசக் கற்றுக்கொள்ளப் போகிறாயா? அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு போகாத வைத்தியர் உண்டா? ஒருவர் நாக்கில் தேன் தடவச் சொன்னார். நீ தேனை நக்கிவிட்டு மறுபடியும் திக்கினாய். இன்னொருவர் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசச் சொன்னார். நீ கல்லை விழுங்கினாய். அத்தோடு அப்பா கைகழுவினார். அன்றிலிருந்து உன் வாய் நான்தான். கடையில் உனக்குச் சாமான் கேட்டது நான். வேலைக்கு நேர்காணல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னது நான். பல் டாக்டரிடம் எந்தப் பல் வலிக்கிறது என்று காட்டியதும் நான். அதில் தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால் அது டாக்டர் தப்பு.

வாயை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஏலக் கொட்டகையில் காலை பத்து மணிக்கு மேடை ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் பீரோ, கட்டில், தையல் மிஷின் என்று நூற்றெழுபது சாமான் கைமாறிவிடும். என்னைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன். வேகமாகப் பேசு, திக்க நேரமே இருக்காது. அவ்வளவுதான் வித்தை.

எத்தனை நாளில் சரியாகும் என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள்? அதை மட்டும் எழுது. போன் போட்டால் நீ எடுக்க மாட்டாய் என்பதால் தபால்காரருக்கு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்


ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி விட்டது. அண்ணியின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? நீ முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, அல்லது பாட்டிலை ஏலம் விட்டுவிட்டாயா?

காகிதத்தில் எனக்குத் திக்குவதில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன். இங்கே நீ குறுக்கே பேச முடியாது என்பது கூடுதல் வசதி.

உத்தரவாதம் எதுவும் இல்லை. பயிற்சி கொடுப்பவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், அவரும் திக்குகிறவர். முதல் நாளே சொல்லிவிட்டார். "திக்கு போகுமான்னு என்கிட்ட கேக்காதீங்க. போகலாம், போகாமலும் இருக்கலாம். நீங்க எப்படித் திக்குறீங்கன்னு மட்டும் முதல்ல பாப்போம்." மூன்று வாரமாக ஒரு கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து என்னை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வார்த்தை வராதபோது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், வலது தோளை இழுக்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருடமாக இதைச் செய்துவருகிறேன், எனக்கே தெரியாது.

இன்னொன்றும் தெரிந்தது. எந்த வார்த்தை வராதோ அதை விட்டுவிட்டு வருகிற வார்த்தையைச் சொல்லிப் பழகியிருக்கிறேன். பச்சைச் சட்டை வேண்டுமென்று கடைக்குப் போவேன், வாயில் வராது, 'நீலம்' என்பேன். உனக்கு நீலம் என்றால் உயிர் என்று நீ ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாய். எனக்கு நீலம் பிடிக்காது அண்ணா.

ஏன் இப்போது என்று கேட்பாய். எங்கள் மூக்குக் கண்ணாடிப் பட்டறையில் நான் லென்ஸ் வில்லை தேய்க்கிறேன். எதிர் மேசையில் ஒருவர் வில்லையை பிரேமில் மாட்டுகிறார். கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மதியம் ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறோம். அவரிடம், என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பமா என்று கேட்க ஆசைப்படுகிறேன். நான் கேட்க வேண்டும். எனக்காக யாரும் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த வகுப்பு.

அண்ணிக்கு என் அன்பு.
உன் தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். தைலம் தேய்க்கிறேன், உன் கிண்டலையும் சேர்த்து.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன், காதில் பூ சுற்றுகிறாயோ என்று. திக்குவாயைத் திக்குவாய் திருத்துகிறது! தலையில் ஒரு முடி இல்லாதவன் முடி வளர எண்ணெய் விற்கிற மாதிரி இல்லை? அதுவும் மூன்று வாரம் கண்ணாடியில் மூஞ்சி பார்க்கும் வகுப்பு. அந்த மூஞ்சியை நாங்கள் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, தேதி கிடையாது. போகலாம், போகாமலும் இருக்கலாமாம். இப்படி ஒரு பதிலை மேடையில் நான் சொன்னால் பீரோவைத் தூக்கி என் தலையில் போடுவார்கள்.

சட்டை விஷயத்தைக் கேட்டு அண்ணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். போன வருஷம் ஆசையாக நீலத்தில் எடுத்தவள் அவள். பச்சை வேண்டுமென்றால் கையை நீட்டிக் காட்ட வேண்டியதுதானே. கைக்குமா திக்கும்?

கல்யாண ஆசை நல்ல ஆசை. அதற்குப் போய் வாயைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்காதே. அந்தம்மா வீட்டு விலாசத்தை எழுது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் வருகிறோம். கால் மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டு மத்தியானப் பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறோம். நீ வந்து உட்கார்ந்தால் போதும். சிரிக்கத் தெரியும்தானே?

மார்பில் துண்டு கட்டிக்கொண்டு படு.
அண்ணன்


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தாமதம் செய்யவேண்டும் என்று நினைத்துத்தான் செய்தேன்.

விலாசம் அனுப்பப் போவதில்லை.

வகுப்பில் கண்ணாடிப் பயிற்சி முடிந்து இப்போது கடைப் பயிற்சி. தினமும் மூன்று கடைக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டிய பொருளின் பெயரையே சொல்ல வேண்டும், மாற்றக் கூடாது. வேண்டுமென்றே ஒரு வார்த்தையிலாவது திக்க வேண்டும். திக்கும்போது கடைக்காரர் கண்ணைப் பார்க்க வேண்டும். சொல்லி முடிக்காமல் ஓடக் கூடாது. வீட்டுக்கு வந்து நோட்டில் இந்த நான்குக்கும் நேரே குறி போட வேண்டும். கடைக்காரர் சிரித்தாரா, பொருள் கிடைத்ததா என்பதற்கு நோட்டில் கட்டமே கிடையாது. முதல் வாரம் நானாக ஓரத்தில் 'சிரித்தார்', 'சிரிக்கவில்லை' என்று எழுதி வைத்தேன். பயிற்சிக்காரர் அதை ரப்பர் வைத்து அழித்தார். "அது அவங்க நோட்டு" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை இரும்புக் கடைக்குப் பூட்டு வாங்கப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன். நான் 'பூ' என்று ஆரம்பித்ததுமே உதவிக்கு ஓடி வந்தார். "பூந்தொட்டியா? பூவாளியா? சொல்லுங்க சார், பூந்தொட்டிதானே?" முன்பெல்லாம் தலையை ஆட்டிவிடுவேன். என் அறையில் இரண்டு பூந்தொட்டி இருக்கிறது, செடி கிடையாது. அன்றைக்கு ஆட்டவில்லை. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் செருமினார்கள். பூட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

இதைப் பயிற்சிக்காரரிடம் சொன்னபோது ஒரு கேள்வி கேட்டார். "சிரிச்சவங்களைப் பத்தி நீங்க இவ்வளவு பேசல. முடிச்சு வெச்சவர் மேலதான் இவ்வளவு கோவம் வருது. ஏன்?" நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. உனக்கும் எழுதப் போவதில்லை.

அண்ணியிடம் சட்டைக்காக வருத்தப்பட வேண்டாம் என்று சொல். அதை நான் பிரியமாகத்தான் போட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அண்ணிக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

பூந்தொட்டிக் கதையைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். பிறகு ஏனோ சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன பூந்தொட்டியா விற்றேன்?

இரண்டு மாதம் ஆகிவிட்டது. கைவசம் என்ன இருக்கிறது? ஒரு பூட்டு. வேண்டுமென்றே திக்கச் சொல்கிறார்களாம்! தானாக வந்ததே உனக்குப் போதாதா? நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒருவன் தினம் தண்ணீரில் தள்ளி மூழ்கச் சொன்னால் அவன் காலில் விழுந்து கும்பிடுவாயா? நோட்டில் குறி போடுகிறாயே, அந்த நோட்டைக் கொண்டுபோய் அந்தம்மாவிடம் காட்டினால் கழுத்தை நீட்டிவிடுவாளா?

என் தொழிலில் ஒன்று கற்றிருக்கிறேன். நல்ல சாமான் ரொம்ப நேரம் மேடையில் நிற்காது. நீ மூச்சு இழுத்து, தோளை இறக்கி, கண்ணைத் திறந்து, 'க' என்று ஆரம்பிப்பதற்குள் வேறு எவனாவது கூட்டிக்கொண்டு போய்விடுவான். அப்போது அந்த நோட்டில் எந்தக் கட்டத்தில் குறி போடுவாய்?

முடிவைச் சொல்லு. எப்போது கேட்கப் போகிறாய்? என்ன தேதி?

அண்ணன்


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணிக்குப் புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா?

தேதி கேட்டாய். வகுப்பு மே கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகு கேட்பேன். என்ன வார்த்தையில் கேட்பது என்று எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பயிற்சிக்காரர் காகிதத்தை வாங்கி மடித்து என் பையிலேயே போட்டுவிட்டார். வாக்கியத்தை ஒப்பிக்க வேண்டாமாம். முதல் மூச்சு, முதல் எழுத்து, கண். இதை மட்டும் தினமும் பழகச் சொல்கிறார். பதிலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் தோள் மேலே ஏறுகிறது என்று காட்டினார். உண்மைதான், ஏறுகிறது.

நேற்று சாப்பாட்டு பெஞ்சில் எதிர் மேசைக்காரர் "அது என்ன நோட்டு?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லி முடிக்க மதிய இடைவேளை முழுதும் ஆனது. அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். 'நிதானமாகச் சொல்லுங்கள்' என்று சொல்லவில்லை. எல்லாரும் அதைச் சொல்வார்கள். அவர் குனிந்து டப்பாவைப் பார்க்கவுமில்லை.

நான் சந்தோஷமாக இருக்கிறேன். நீ எதுவும் செய்ய வேண்டாம் அண்ணா. தயவுசெய்து.

உன் தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

சுகத்துக்கு என்ன குறைச்சல்! உட்கார்ந்து படி. முடித்துவிட்டேன்.

ஞாயிறு தவிரப் புதன்கிழமையும் உனக்கு விடுமுறை என்று எனக்குத் தெரியாதா? பார்த்துத்தான் போட்டேன். உன் பட்டறைக்குப் போன் போட்டு, பிரேம் மாட்டுகிற அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். வந்தாள். "நான்தான் பேசறேன், எதிர் மேசை" என்றேன். குரல் நம் இருவருக்கும் ஒன்றுதானே, அப்பாவே ஏமாந்திருக்கிறார். உன் வேலைக்காக முதலாளியிடம் முதலில் போனில் உன் பெயரில் பேசியபோதும் இப்படித்தான் பேசினேன், அன்று யார் கண்டுபிடித்தார்கள்?

பிறகு எடுத்துவிட்டேன் பார். ஆறு வருஷத் தனிமை, எதிர் எதிர் மேசை, ஒரே பெஞ்சுச் சாப்பாடு, நல்ல வேலை, கெட்ட பழக்கம் கிடையாது, அண்ணன் அண்ணி தங்கமானவர்கள், இனி ஒண்டியாக இருக்க வேண்டாம், என்ன சொல்கிறீர்கள்? நாலே நிமிஷம். ஒரு எழுத்து தடுக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கிவிட்டது.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வைத்துவிட்டாள். கூச்சம்! பெண்கள் சம்மதத்தை வாய்விட்டா சொல்வார்கள்? நாலு மாதமாக நீ நோட்டில் கிறுக்கியதை நான் நாலு நிமிஷத்தில் முடித்தேன். அவளைப் பார்த்தால் சிரித்தபடி நில், போதும். பேசினால் காரியம் கெட்டுவிடும்.

நன்றி எல்லாம் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன்


ஏப்ரல் 28

தம்பிக்கு,

சுகமா? இரண்டு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லையா? அண்ணி, நான் செய்தது தப்பு என்கிறாள். நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை. இந்த வீட்டிலும் இப்போது ஒரு ஊமை. காரியம் ஆனதும் எல்லாரும் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வீர்கள்.

ஒரு வரி எழுது. சரி என்றாளா இல்லையா?

அண்ணன்


மே 26

அண்ணாவுக்கு,

நலம். அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர் கையால் ஒரு அட்டை போடச் சொல்.

அந்தப் புதன்கிழமை நான் விடுமுறையை மாற்றிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தேன். எங்கள் போன் சுவரில் இருக்கிறது, என் மேசைக்கு நேரே. நீ 'எதிர் மேசை' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்கிறாரே என்று அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

உன் நாலு நிமிஷத்தில் நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று யோசித்துப் பார். யாரையோ விட்டுப் பேசச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிற ஆள்.

போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "யாரோ உங்க பேர்ல பேசினாங்க. ரொம்ப நல்லாவே பேசினாங்க. நீங்க சொல்லித்தான் பேசினாங்களா?" என்று கேட்டார். 'இல்லை' என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். வரவில்லை. கண்ணை மூடினேன், தோளை இழுத்தேன், கற்றதெல்லாம் போய்விட்டது. மிஷின்களை நிறுத்திவிட்டார்கள், எல்லாரும் பார்த்தார்கள். அவர் நின்றார். 'இல்லை' என்று சொல்லி முடித்தபோது "சரி" என்றார். மறுநாளிலிருந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இரண்டு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. கடைக்கும் போகவில்லை. உன் கடிதம் வந்தது, சரி என்றாளா இல்லையா என்று. ஒரு மனிதனின் வாயைத் திருடிவிட்டு, காரியம் ஆனதா என்று கேட்கிறாய். உனக்கு உலகமே ஏலக் கொட்டகை. எல்லாம் சுத்தியல் விழுகிற சத்தத்துக்காக நடக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது என்று எழுத நினைத்தேன். கோபம் இல்லை. இளக்காரமாக இருந்தது. நீ பேசுவது எல்லாமே சத்தம் என்று தோன்றியது.

பிறகு திரும்பப் போனேன். பயிற்சிக்காரர் எதுவும் கேட்கவில்லை. முதல் மூச்சு, முதல் எழுத்து, கண். மறுபடியும் அங்கிருந்தே ஆரம்பித்தோம்.

போன சனிக்கிழமை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் அவரிடம் கேட்டேன். இரண்டு பஸ் போய்விட்டது, மூன்றாவதில்தான் அவரால் ஏற முடிந்தது. ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. கண்ணை எடுக்கவில்லை. ஓடவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் நான் இதைவிட நன்றாக ஒரு காரியம் செய்ததில்லை.

அவர் என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன். தெரிய வேண்டுமென்றால், என் வீட்டுக் கீழ்த்தளத்தில் பொதுத் தொலைபேசி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடு. நானே எடுப்பேன், நானே சொல்வேன். நடுவில் நீ ஒரு வார்த்தை முடித்து வைத்தாலும் போனை வைத்துவிடுவேன்.

தம்பி


ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி சுகம். என்னோடு பேசுகிறாள். என்னைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முதல் ஞாயிறு நீ இரண்டாவது வார்த்தையில் நின்றாய், நான் "சம்மதமா?" என்றேன். வைத்துவிட்டாய். திமிரைப் பார் என்று அண்ணியிடம் கத்தினேன். இரண்டாவது ஞாயிறு வாயைத் திறக்கவில்லை, 'ம்... ம்...' என்று மட்டும் தள்ளினேன், கைவண்டியைத் தள்ளுகிற மாதிரி. அதற்கும் வைத்துவிட்டாய். அந்த வாரம் முழுக்க, அண்ணி ஏதாவது சொல்லும்போது அவள் முடிக்கும்வரை சும்மா இருந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைகூட முடியவில்லை. இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவள் வாக்கியம் எதையும் கடைசிவரை கேட்டதில்லை போலிருக்கிறது.

மூன்றாவது ஞாயிறு, நேற்று முன்தினம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிஷம். மேடையில் ஒரு நொடி சத்தம் நின்றாலும் கூட்டம் கலைந்துவிடும் என்று பயந்தே பிழைத்தவன் நான். உன் மூச்சு மட்டும் கேட்டது. வார்த்தை வரவில்லை, ஆனால் நீ அங்கேயே இருந்தாய். எனக்குப் பயமாக இருந்தது தம்பி. உனக்கல்ல, எனக்கு.

வேண்டாம் என்றாளாம். இன்னொரு கல்யாணம் வேண்டாம், ஆனால் பெஞ்சில் பழைய இடத்திலேயே உட்காரலாமா என்று கேட்டாளாம். இதற்கா இத்தனை பாடு என்று வாய்வரை வந்தது. அடக்கினேன். நீ அழுவாய் என்று காத்திருந்தேன். நீ சொன்னாய்: "நான் கேட்டதுக்கு எனக்கே வந்த முதல் பதில் இது அண்ணா. என் காதால கேட்டேன். பதினாலு வருஷம் முன்னாடி எனக்காக நீ பொண்ணு கேட்ட அந்த வீட்டுல வேணாம்னு சொன்னாங்களே, அதைக்கூட நீ வந்து சொல்லித்தான் தெரியும்."

அப்போது என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து நீ வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நூலகத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணின் அப்பா, நான் பேசிவிட்டு வந்து ஒரு வாரம் கழித்து ஏலக் கொட்டகைக்கு வந்தார். "பொண்ணு மாப்பிள்ளைகிட்டயே பேசணுங்கிறா. எவ்வளவு நேரமானாலும் உக்காந்து கேக்கறேன்னு சொல்றா" என்றார். என் தம்பிக்கு இஷ்டமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னிடம், அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றேன். உனக்கு அவமானமாகிவிடும் என்று செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது இல்லை. உன் பேச்சை உட்கார்ந்து கேட்க ஒருத்தி வந்துவிட்டால், அதற்குப் பிறகு எனக்கு என்ன வேலை?

காகிதத்தில் எழுதிவிட்டுத் தப்பிக்க நினைக்கவில்லை. உன் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். நேற்று அண்ணியிடம் சொல்லிப் பழகினேன். பாதியில் மழையைப் பற்றிப் பேசிவிட்டேன். இன்றைக்கும் அப்படியே. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? நீ மன்னித்துவிடுவாய்தானே?

உன் அண்ணன்


ஜூன் 20

அண்ணாவுக்கு,

நலம். உன் கடிதத்தை ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவை படிக்கப் பிடிக்கவில்லை.

'அவமானமாகிவிடும் என்று' என்ற வரியை நீ எழுதாமலே விட்டிருக்கலாம். அதைப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. மற்றது நீ என் எதிரில் உட்கார்ந்து சொல்ல உதவும்.

ஞாயிற்றுக்கிழமை வா. அண்ணியைப் பேச வைக்காதே. வேகமாகச் சொல்லாதே. மழையைப் பற்றிப் பேசினால் நான் குறுக்கிட மாட்டேன், நீயேதான் திரும்பி வர வேண்டும்.

மன்னிப்பாயா என்று கேட்டு இனி எழுதாதே. எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேட்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னாளே, அவ்வளவு நேரம் உனக்கும் உண்டு. அதற்கு மேல் என்னிடம் இப்போது எதுவும் இல்லை.

காலை எட்டு மணிப் பஸ்ஸில் கூட்டம் இருக்காது.

தம்பி